நாலு கட்டை

அலுவலக வருகைப்பதிவு இயந்திரம் ஒரு காலையில் என் இடதுகை ஆள்காட்டி விரலை அடையாளம் தெரியாமல் திருப்பி அனுப்பியது. அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. எனக்கு வலதுகையில் எப்போதும் பை இருக்கும், தே ஓ பொட்டலம் இருக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்று இடதுவிரலைத்தான் பதிந்திருந்தேன். நான்கு முறை அழுத்தினேன். நான்கு முறையும் சிவப்பு விளக்கு. நிர்வாகப் பிரிவில் இருக்கும் மலாய் அக்கா வந்து விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சைட்டில் செங்கல் தூக்கப் போட்டுவிட்டார்களா?' என்று கேட்டார். நுனித்தோல் காய்ந்த பலாக்கொட்டை மாதிரி இருந்தது. ரேகை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. கிட்டார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் இந்த வயதில் என்ற சொல் இருந்தது.

வயது இருபத்தெட்டு. பெர்லிஸில் நான்கு ஆண்டு இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, இப்போது கட்டடங்களுக்குக் குளிர்சாதனக் குழாய் வரைகிறேன். பிடிபிடிஎன் கடன் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது. அம்மாவின் பார்வையில் அடுத்து நடக்கவேண்டியது கல்யாணம். அதற்கு நடுவில் கிட்டாருக்கு இடமே கிடையாது.

கிட்டார் என்னுடையதும் இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது தம்பி ஷோப்பியில் 280 ரிங்கிட்டுக்கு வாங்கியது. அந்த மாதத்தில் சிலர் ரொட்டி சுட்டார்கள், சிலர் செடி வளர்த்தார்கள், தம்பி கிட்டார் வாங்கினான். ஒரு மாதம் வாசித்தான். கட்டுப்பாடு தளர்ந்ததும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கிட்டார் அலமாரி மேல் ஏறியது. அதன்மேல் தீபாவளி மின்விளக்குச் சரம் ஏறியது. அதற்கும் மேல் அப்பாவின் பழைய ஹெல்மெட்.

போன வருடத் தொடக்கத்தில் அந்த ஹெல்மெட்டை என்ன செய்வது என்று தெரியாமல் இறக்கியபோதுதான் கிட்டாரும் கூடவே இறங்கியது.

*

ரவாங்கில் மரப்பொருள் எதுவும் சும்மா இருக்காது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவு வீங்கி நிலையில் சிக்கும், வெயில் வந்தால் தானாகத் திறந்துகொள்ளும். நான்கு வருடம் அலமாரி மேல் கிடந்த கிட்டார் எப்படி இருந்திருக்கும்? தந்திகள் துருப்பிடித்திருந்தன. பலகையின் வயிற்றுப்பகுதி கொஞ்சம் உப்பியிருந்தது. பலகை உப்பினால் தந்தி தூக்கிக்கொள்ளும். ஸ்டீல் ரூலரை வைத்து அளந்தேன். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்திக்கும் உலோகத்துக்கும் நடுவே 4 மில்லிமீட்டர். கழுத்தில் பதித்திருக்கும் உலோகக் கம்பிக்குத்தான் ஃபிரெட் என்று பெயர், வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். அக்கூஸ்டிக் கிட்டாரில் அந்த உயரம் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். தம்பி ஏன் ஒரு மாதத்தில் விட்டான் என்று அப்போது புரிந்தது. பாதிக் குற்றம் அவனுடையது இல்லை.

எனக்குத் தெரிந்தது கணக்கு. பன்னிரண்டாவது ஃபிரெட் தந்தியின் சரிபாதி. அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால், தந்தி உட்காரும் பிளாஸ்டிக் துண்டில், அதாவது சேடிலில், இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். உப்புத்தாளைத் தரையில் ஒட்டி, இரண்டு இரவு தேய்த்து, 2.8க்கு இறக்கினேன். புதுத் தந்தி ஒரு செட் போட்டேன். மெல்லிய தந்தி 0.012 அங்குலம், தடித்தது 0.053. முழுச்சுருதியில் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. என் எடையைவிட அதிகம். ஒட்டிய ஒரு மரத்துண்டு இதை ராத்திரி பகலாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு இரண்டு நாள் அதன் பக்கத்தில் உட்காரவே பயமாக இருந்தது.

இந்தப் பகுதிதான் சுலபம். பழுது பார்க்க எனக்கு வரும். வாசிக்க வராது.

*

வகுப்பு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில். கீழே டயர் கடை. ஆசிரியர் அறுபது தாண்டிய சீனர். எல்லோரும் அங்கிள் என்போம். அவருக்கு என்னிடம் பேச இரண்டு மலாய்ச் சொற்றொடர்கள் போதும்: 'பெலான்-பெலான்', 'லாகி செகாலி'. மெதுவா, இன்னொரு தடவை. சனிக்கிழமை பதினோரு மணி வகுப்பில் நாங்கள் நால்வர். என்னைத் தவிர மூவருக்கும் வயது பதின்மூன்றுக்குக் கீழ். பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண் என் மடியில் இருப்பதில் பாதி அளவுள்ள கிட்டாரை வைத்துக்கொண்டு, கால் தரையில் படாமல் ஆட்டிக்கொண்டே, ஜியிலிருந்து சிக்கு விரலை மாற்றுவாள். நான் மாற்றி முடிப்பதற்குள் அவள் ஒரு சுற்று முடித்து என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மிகுந்த அக்கறையோடு கேட்டாள், 'அங்கிள், வலிக்குதா?'

வலிக்கிறதுதான். ஆனால் வலி இரண்டு மாதத்தில் தோலாகிவிடுகிறது. வெட்கம் அப்படி ஆகவில்லை.

எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வேலைதான் கொடுக்கப்பட்டிருந்தது: மார்க் வாங்குவது. எனக்கு எட்டு வயதில் அம்மா என்னைப் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் பாட்டு கற்கச் சேர்க்க ஆசைப்பட்டார். ரவாங்கிலிருந்து கொம்யூட்டரில் போய்வரவே அரைநாள் ஆகும். அதே நேரத்தில் கணக்கு டியூஷன் இருந்தது. அப்பா இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். டியூஷன் ஜெயித்தது. தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாளில் வேறு விடை வந்திருக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு நான் செய்த எல்லாமே முன்பே நன்றாக வரும் என்று தெரிந்த காரியங்கள்தான். மோசமாகச் செய்ய வாய்ப்பிருந்த எதன் பக்கத்திலும் போனதில்லை. பந்து விளையாடவில்லை, ஆடவில்லை, பல்கலைக்கழகக் கலைவிழாவில் ஒலிபெருக்கி வயர் இழுக்கும் குழுவில் இருந்தேன். இருபத்தெட்டு வயதில் நான்கு பேர் முன்னால் ஒரு காரியத்தைக் கடைசியாக முடிப்பது எனக்குப் புதிய அனுபவம்.

இப்படிச் சொன்னால் நண்பர்கள் உடனே இளையராஜாவை எடுத்துவிடுவார்கள். அவரே இருபது வயதுகளில் சென்னைக்குப் போய்த் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், கிட்டாருக்கு லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதினார், உனக்கு என்ன என்பார்கள். அதற்கு முன்பே அண்ணனோடு ஊர் ஊராக மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் அவர் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இன்னொரு நண்பன் 'கிட்டார்' பிரசன்னாவைச் சொல்வான். கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கிறவர். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர். 'அவரும் எஞ்சினியர்தானே.' ஆமாம், நானும் எஞ்சினியர்தான். ஒற்றுமை அதோடு முடிகிறது. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் அந்த நிலாப் பாட்டில் ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் கிட்டார் வாங்கினார்கள், எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டே விட்டார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். நான் இரண்டாவது பட்டியலுக்கு மிக அருகில் இருந்தேன்.

விடாமல் இருந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. காசு கட்டிவிட்டேன். கொம்யூட்டரில் ரவாங்கிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரைக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். குடைக்காம்பை கிட்டார் கழுத்து மாதிரி பிடித்துக்கொண்டு விரலை மாற்றிப் பழகுவேன். குவாங்கில் ஜி, சுங்கை பூலோவில் சி, கெப்போங்கில் டி. எதிரில் இருப்பவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போன நாட்களும் உண்டு.

*

எங்கள் ஊரைப் பற்றி ஒரு பெருமை சொல்வார்கள். மலாயாவில் முதன்முதலாக மின்சாரம் எரிந்தது ரவாங்கில்தான், 1894இல். லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்துக்காக ஜெனரேட்டர் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லா வரலாற்று ஆசிரியர்களும் சொல்வது. அந்த ஊரில் மின்சாரமே இல்லாத கிட்டாரை வைத்துக்கொண்டு அம்மாவுக்குத் தொந்தரவு கொடுத்தது நான்தான். வாசிப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், பின்கட்டில், துணி காயும் இடத்தில்.

அம்மா முதல் மூன்று மாதம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பெரியவனே, அந்த ரெண்டாவது கம்பி ஏத்தமா இருக்குடா."

கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி பச்சை காட்டிக்கொண்டிருந்தது. காட்டினேன். "போன் சொல்லுது சரியா இருக்குன்னு."

"போனுக்கு என்னா தெரியும்."

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பு. பிறகு தேடிப் படித்தபோது சிரிப்பு போய்விட்டது. கிட்டாரின் ஃபிரெட்டுகள் ஒரு எண்மத்தைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டுகின்றன. ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் 1.0595 மடங்கு. அப்படி வெட்டினால்தான் எந்தச் சுருதியிலும் வாசிக்கலாம். விலை என்னவென்றால், எல்லாச் சுரமும் கொஞ்சம் கொஞ்சம் பொய். அதிகமாகப் பொய் சொல்பவற்றில் ஒன்று காந்தாரம். இயல்பான காந்தாரத்தைவிட அது 14 சென்ட் மேலே நிற்கிறது, அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு. நான் வாசித்துக்கொண்டிருந்த ஜி கார்டில் அந்தக் காந்தாரம் திறந்த இரண்டாவது தந்தியில்தான் இருக்கிறது. அம்மா கேட்டது சரி. செயலியும் சரி. இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஆர்மோனியத்திலும் இதே கோளாறு உண்டு, பஜனையில் நீங்க எப்படிப் பாடினீங்க என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நாங்க சத்தமா பாடுவோம்" என்றார்.

அம்மா பாடுவார் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மறந்திருந்தேன் என்பதைவிட, அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று வீட்டில் யாரும் போடாத ஒரு சட்டம் இருந்தது.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துக் கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனையில் எட்டு வயதிலிருந்து முன்பாட்டு. தோட்டம் போய், லயம் போய், கல்யாணமாகி ரவாங் தாமானுக்கு வந்த பிறகும் விடவில்லை. திருவிழா, புதுமனைப் புகுவிழா, பதினாறாம் நாள் காரியம், எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடுவார். தேவாரமும் பாடுவார், தோட்டத்தில் யாரோ கட்டின முருகன் பாட்டுகளும் பாடுவார். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டினவர். அவருக்குப் பாட வராது. சீட்டி அடிப்பார். அம்மா சமைத்துக்கொண்டே பாடினால் முன்னறையிலிருந்து சீட்டி வரும், எப்போதும் அரைத்தாளம் பின்தங்கி.

2021 ஆகஸ்ட்டில் அப்பா போனார். ஒன்பது நாள் மருத்துவமனை. அம்மாவுக்கும் தொற்று இருந்ததால் கையில் இளஞ்சிவப்புப் பட்டையோடு வீட்டு அறைக்குள் இருந்தார். தகனத்துக்கு நானும் தம்பியும் மட்டும் போனோம், தூரத்தில் நின்றோம். அம்மா கைப்பேசியில் பார்த்தார். நடுவில் இணையம் நின்றுபோனது. பதினாறாம் நாள் வீட்டில் நாங்கள் மூன்று பேர். ஊர் முழுக்க யார் வீட்டுக் காரியத்துக்கும் போய்த் தேவாரம் பாடினவர் வீட்டில் அன்று பாட ஆளில்லை. தம்பி கைப்பேசியிலிருந்து புளூடூத் ஸ்பீக்கரில் பதிகம் போட்டான். நடுவில் விளம்பரம் வந்தது. அம்மா அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு அவர் பாடி நான் கேட்கவில்லை. அடுப்படியில்கூட.

*

"உங்க சுருதி என்னா மா?" என்று ஒருநாள் கேட்டேன். சும்மா தகவலுக்குக் கேட்பதுபோல.

"அஞ்சரைக் கட்டை. ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன் நான் வந்தாலே அதுல கை வச்சிருவாரு."

கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: ஆர்மோனியத்தில் சி ஒரு கட்டை, டி இரண்டு, ஈ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் அரை. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். எனக்கு உருப்படியாக வந்தது ஜி, சி, டி, ஈ மைனர் நான்கும்தான். முதல் ஃபிரெட்டில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டினால் அதே விரல்களோடு ஜி ஐந்தரைக் கட்டையாகிவிடும். அங்கிளிடம் 22 ரிங்கிட்டுக்கு ஒரு கேப்போ வாங்கினேன். எதற்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். 'பாகுஸ்' என்றார்.

அம்மாவின் தோட்டத்துப் பாட்டு ஒன்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சங்கராபரணத்தில் போகிற எளிய மெட்டு. அதனால் என் நான்கு கார்டுக்குள் அடங்கியது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு. அம்மாவிடம் எதுவும் சொல்லாமல் பின்கட்டில் அதையே வாசித்துக்கொண்டிருந்தேன், ஏறக்குறைய ஒரு மாதம். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

"அது நாலு நாலா போகாதுடா. மூணு மூணா போகும்." கரண்டியால் கதவு நிலையில் தட்டினார். தகிட, தகிட. "நீ தட்டறது ஏதோ இங்கிலீஷ் பாட்டு."

யூடியூபில் கற்ற கீழ்-மேல் அசைவு எல்லாமே நான்கில் இருந்தது. மூன்றுக்கு மாற்ற இரண்டு வாரம் ஆனது. மாற்றிய பிறகுதான் அம்மா வாயைத் திறந்தார்.

முதல் அடி வந்தது. எனக்குக் கை நின்றுபோனது. "ஏன் நிறுத்தற?" என்றார். மறுபடி தொடங்கினேன். மேலே ஏறுகிற மூன்றாவது அடியில் அவருடைய குரல் உடைந்தது. இருமினார். திரும்ப முயன்றார். திரும்ப அதே இடம். நான் கேப்போவைக் கழற்றி ஐந்து கட்டைக்கு இறக்கினேன். அப்போதும் எட்டவில்லை.

"போதும்டா. அது போச்சி."

உள்ளே போய்விட்டார். சட்டி கழுவும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்டு வாங்கின ஐந்தரை நான்கு வருடத்துக்கு முந்தைய கணக்கு. நான்கு வருடம் வாயே திறக்காத, ஐம்பத்தாறு வயதுக் குரலுக்குப் பழைய அளவில் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கேப்போ ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது. எஃப் சுருதியில் நேராக வாசிக்கலாம் என்றால் எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் ஒரேயடியாக அழுத்த வேண்டும். அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வரும். எனக்கு இன்னும் வராது. மிச்சமிருந்த வழி, கிட்டாரையே இறக்குவது. அன்று ராத்திரி ஆறு முறுக்காணியையும் தளர்த்தி எல்லாத் தந்தியையும் இரண்டு படி கீழே கொண்டுவந்தேன். இரண்டு அரைச்சுரம் இறங்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. தந்தி கொஞ்சம் தொளதொளத்தது, தடித்த தந்தி ஃபிரெட்டில் பட்டு லேசாக உறுமியது. விரலுக்கு ஆச்சரியமான சுகம். இப்போது என் ஜி, எஃப். நாலு கட்டை.

அடுத்த வெள்ளிக்கிழமை எதுவும் சொல்லாமல் வாசிக்க ஆரம்பித்தேன். அம்மா சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். இரண்டு சுற்று போனது. மூன்றாவது சுற்றில் உள்ளேயிருந்தே பாடினார், வெளியே வரவில்லை. மூன்றாவது அடியில் மேலே ஏறினார். குரல் கரகரத்தது, ஆனால் நின்றது. அந்த இடத்தில் நான் சியிலிருந்து டிக்கு மாற வேண்டும். விரல் தேடிக்கொண்டிருந்தது. அம்மா அந்தக் கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீட்டினார். இன்னும் நீட்டினார். டி வந்து சேர்ந்தது. பாட்டு நகர்ந்தது.

"மூச்சு முட்டுதுடா. இவ்ளோ நேரமெல்லாம் நிக்க முடியாது. சீக்கிரம் மாத்து."

"இன்னொரு தடவை மா."

"கறி அடிபுடிச்சிரும். நாளைக்கு."

மறுநாள் சனிக்கிழமை. வகுப்பில் அங்கிள் என் கிட்டாரை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார், முகத்தைச் சுளித்தார். இரண்டு படி கீழே இருக்கிறதே என்றார். வீட்டில் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் ஏதும் கேட்காமல் ஏற்றிக் கொடுத்தார். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் இறக்கினேன். ஒவ்வொரு வாரமும் இது நடக்கிறது. இப்படி ஏற்றி இறக்கினால் தந்தி சீக்கிரம் அறுந்துவிடும் என்கிறார் அங்கிள். அறுந்தும் விட்டது, போன வாரம், முதல் தந்தி. புது செட் 25 ரிங்கிட். இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.